எனக்கு நல்லாத்தான் தெரியுது

வீட்டுக்குத் துடைப்பம் வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை விசாரிக்காமல் அவர் வாங்கமாட்டார். மனைவியின் தம்பிகள் அவருக்கு வைத்த பெயர் கொட்டேஷன். கொஞ்ச காலம் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிறகு துணிந்து முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை, உள்ளூரப் பெருமைதான். சீருடை தைக்கிற தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவுக்கு அவர் தலைவர். ஊசியிலிருந்து துணி மூட்டை வரை அவர் கையெழுத்து இல்லாமல் உள்ளே வராது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஆள் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்திப் பேசமாட்டார். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இந்த மாதிரி ஆட்கள் தப்பு செய்தால் கண்டுபிடிக்க நாளாகும், அவ்வளவுதான்.

மனைவி பேச்சுப் பயிற்சியாளர். வயதுக்கேற்ற பேச்சு வராத குழந்தைகள் வீட்டு முன்னறைக்கு வருவார்கள். அவள் தரையில் பாயை விரித்து, பட அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவாள். தக்காளி, பந்து, பஸ், வாத்து. குழந்தை அட்டையைத் தொட்டு அதன் பெயரைச் சொல்ல வேண்டும். சில குழந்தைகள் ஒரு வார்த்தைக்கு மாதக்கணக்கில் அவளைக் காக்க வைப்பார்கள். அவளும் அலுக்காமல் காத்திருப்பாள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக அட்டைகள் செய்து வீட்டுக்கும் கொடுத்தனுப்புவாள். அந்தப் படங்களுக்காகத் தெருமுனைக் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களின் பின்னால் நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்துப்போனது. வீட்டுக்கே ஒரு பிரின்டர் வாங்கிவிடலாமே என்றாள்.

"கலர் சரியா வரணுங்க. எனக்கு அது போதும்."

கொட்டேஷனிடம் ஒரு பொருள் வேண்டும் என்று சொல்வது தேரில் கை வைத்த மாதிரி, நகரும், ஆனால் அதன் வேகத்தில்தான் நகரும். ஒரு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினார். விற்பனையாளர்கள் சொன்னதையெல்லாம் வரி விடாமல் கேட்டுக்கொண்டார். சின்ன கார்ட்ரிட்ஜ் போடுகிற மெஷின் சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் இங்க் வாங்கியே ஆண்டியாகிவிட வேண்டியதுதான். லேசர் உழைக்கும், எழுத்துக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை, ஆனால் கலர் லேசரின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். டேங்கில் இங்க் ஊற்றுகிற மெஷின் வாங்கும்போது கையைக் கடிக்கும், பிறகு பக்கத்துக்குப் பக்கம் திருப்பிக் கொடுக்கும். வாரம் ஒரு முறையாவது ஓட விட வேண்டும், இல்லையென்றால் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். உதிரி பாகம் உள்ளூரில் கிடைக்குமா, ரிப்பேர் என்றால் வீட்டுக்கு ஆள் வருமா, தாள் சிக்கினால் யார் எடுப்பது என்று அவர் குடைந்த குடைச்சலில் ஒரு கடைக்காரர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாராம். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் அக்காவைப் பற்றிக்கூட இவ்வளவு விசாரிக்கவில்லையே என்று பெரிய மச்சினன் கேட்டான். அவரும் சேர்ந்து சிரித்தார்.

டேங்க் மெஷின்தான் வந்தது. நல்ல தேர்வு, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை அதற்குப் பிறகு வந்தது.

தொழிற்சாலையில் அவருக்கு ஒரு முறை உண்டு. எதையும் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பது. யாரும் கண்டுகொள்ளவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் குறைப்பது. யாராவது கத்தினால் ஒரு படி மேலே ஏற்றி அங்கேயே நிறுத்திவிடுவது. கழிவறைச் சோப்பு இந்த முறையில்தான் பாதி அளவுக்கு வந்து சேர்ந்தது. கேன்டீன் டீயின் சர்க்கரையும் அப்படித்தான். ஆபீஸ் பிரின்டர்கள் எல்லாவற்றையும் டிராஃப்ட் என்கிற சிக்கன முறையில் போட்டு வைத்ததற்காக மேலதிகாரி கூட்டத்தில் எழுந்து நின்று அவரைப் பாராட்டியிருக்கிறார்.

வீட்டு மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்த அன்றே, மனைவி ஒரு தாள் எடுப்பதற்கு முன்னால், செட்டிங்ஸுக்குள் போய் அதையும் டிராஃப்டில் போட்டார். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார். அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். பிரின்ட் என்கிற பொத்தானை அழுத்துவாள், எழுந்து போய்த் தாளை எடுப்பாள், அவள் வேலை முடிந்தது. செட்டிங்ஸில் இன்னும் உள்ளே போனால் இங்க் எவ்வளவு அடர்த்தியாக விழ வேண்டும் என்பதற்கு ஒரு கோடு இருந்தது. இழுத்தால் நகரும். அதைக் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தார். அந்த மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

காலையில் எழுந்ததும் பிரின்டர் முன்னால் குனிந்து நாலு டேங்குகளையும் பார்ப்பார். இங்க் மட்டம் நேற்று இருந்த இடத்திலேயே நிற்கும். அந்த நாள் முழுக்க மனசு லேசாக இருக்கும்.

அவள் முதலில் கேட்டது ஒரு தக்காளியைப் பற்றி. தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் வெளுத்த மாதிரி இல்லையா என்றாள். தக்காளி உண்மையிலேயே வெங்காயமாகிக்கொண்டிருந்தது. ஒரு பையன் அன்று காலை அதை வெங்காயம் என்றே சொல்லியிருந்தான், அவள்தான் அவனுக்குப் பொறுமையாகத் திருத்திச் சொன்னாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நிறம் பார்ப்பதில் கொட்டேஷனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரே நீலத்தில் இரண்டு துணி மூட்டைகளை வைத்தால் எது வேறு சாயத்தொட்டியிலிருந்து வந்தது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். ஒரு லாரிச் சரக்கை அப்படித் திருப்பி அனுப்பிய கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அதனால்தான் அவள் வேறு யாரிடமும் கேட்கவில்லை, அவரிடம் கேட்டாள்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றார்.

கம்ப்யூட்டர் திரைக்கு உள்ளே விளக்கு எரிகிறது, தாளுக்கு ஏது விளக்கு, அதனால் அப்படித் தெரிகிறது என்று விளக்கமும் கொடுத்தார். கத்தினால் ஒரு படி ஏற்ற வேண்டும் என்பது அவர் வகுத்த சட்டம். ஆனால் அவள் கத்தவில்லையே, கேட்கத்தானே செய்தாள்.

இரண்டாவது தடவை பிரின்டரில் ஏதாவது கோளாறோ என்று கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம் அலைந்து பார்த்துப் பார்த்து வாங்கிய பொருளைக் கோளாறு என்றால் எப்படி இருக்கும். பிரின்டரில் ஒரு கோளாறும் இல்லை, முதலில் உன் கண்ணைக் கவனி என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

அவள் அப்பாவுக்குக் கண் போனது ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் நிறங்கள் வெளுத்தன. பச்சைச் சட்டையைச் சாம்பல் என்றார், வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். பிறகு முகங்கள் போயின. கடைசியில் பெண்ணின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையைத் தடவிப் பார்த்துத்தான் யாரென்று தெரிந்துகொண்டார். அந்த மாப்பிள்ளை நம் கொட்டேஷன்தான். அந்தக் கை தன் கைமேல் ஊர்ந்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் உன் கண்ணைக் கவனி என்று சொன்னபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மூன்றாவது தடவை அவள் தாளைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். பழைய அட்டைகள் எல்லாம் குழந்தைகளோடு போய்விட்டன, ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் வேறு எதுவும் இல்லை.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கா?"

இரண்டும் ஒன்றாக இல்லை. திரையில் வாத்து மஞ்சளாக இருந்தது, தாளில் பழைய பல்லின் நிறத்தில் இருந்தது. அவர் பார்த்தார், ஒன்றுதான் என்றார். இப்போது மாற்றிச் சொன்னால் முன்பு சொன்ன இரண்டும் பொய்யாகிவிடுமே. அவள் சரி என்று சொல்லித் தாளை மடித்து வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

முன்னறையில் பல்பை மாற்றினாள். பாயை ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். சமையலறை அலமாரியில் டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினாள், எதையாவது அவர் இடம் மாற்றி வைத்துவிட்டால் எரிந்து விழுந்தாள். எரிந்து விழுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒரு மாலை அவர் வேலையிலிருந்து வந்தபோது அவள் சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே போனது, இன்னொரு கை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டது. சர்க்கரை டப்பாவில் கை நின்றது, மூடியைத் திறந்து முகர்ந்தாள். களைப்பில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள் போல என்று நினைத்து அவர் சத்தமில்லாமல் போய்க் கைகால் கழுவினார்.

குழந்தைகள் வருவதும் குறைந்தது. பிரின்டர் சும்மா கிடந்தது. இங்க் காய்ந்துவிடக் கூடாதே என்று அவரே வாரம் ஒரு தாள் ஓட விட்டார். அதையும் சிக்கன முறையிலேயே ஓட்டினார்.

ஒரு மாலை டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலைல லீவு போட முடியுமா? கண் டாக்டரைப் பார்க்கப் போறேன். கண்ணுல மருந்து விட்டா தனியா வர முடியாதாம்."

என்ன விஷயம் என்று கேட்டார்.

"நிறமெல்லாம் போயிட்டிருக்குங்க. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. உங்களுக்குத் தெரியிறது எனக்குத் தெரியல."

அழாமல் சொன்னாள், அதுதான் கொடுமை. தாளில் மட்டும் இல்லையாம், இப்போதெல்லாம் திரைச்சீலையும் வெளுப்பாகத் தெரிகிறதாம், எதிர்வீட்டுச் சுவரும் அப்படித்தானாம். பயம் பிடித்த கண்ணுக்கு எது வெளுக்காது. மூன்று அம்மாக்களிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாளாம். முயல்குட்டி என்று அவள் கூப்பிடுகிற ஒரு பெண் குழந்தை இருந்தது. ஒரு வருஷம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு அப்போதுதான் பந்து என்று சொல்ல ஆரம்பித்திருந்தது. அதையும் அனுப்பிவிட்டாள். நிறம் தெரியாமல் நான் எதைச் சொல்லிக்கொடுக்கப்போகிறேன், குழந்தை சரியாகச் சொல்வதை நானே தப்பு என்று திருத்திவிட்டால் என்ன செய்வது என்றாள்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் வாயைத் திறந்தார், டீயைக் குடித்தார். இங்க்குக்காக என்று சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சின்னக் காரணத்தை எப்படிச் சொல்வது. பெரிய குற்றமாக இருந்திருந்தால்கூடச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அவர் செய்தது வேறு. அவள் டீ டம்ளரைக் கழுவப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். டிராஃப்டை எடுத்தார், கோட்டை வலக்கோடி வரை இழுத்தார். காலையில் ஒரு தாள் எடுத்தால் பளிச்சென்று வரும், பயம் தானாகப் போய்விடும், டாக்டரும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம் என்று கணக்குப் போட்டார்.

காலையில் கிளம்புவதற்கு முன்னால், டாக்டரிடம் காட்டுவதற்கு ஒரு தாள் எடுத்துப்போகலாம் என்று அவரே யோசனை சொன்னார். அவள் பொத்தானை அழுத்தினாள். மெஷின் வழக்கத்தைவிட மெதுவாக ஓடியது. தாளைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தக்காளி தக்காளியாக இருந்தது, ரத்தச் சிவப்பு. அவள் முகம் மலர்ந்தது. அவர் அப்பாடா என்று மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் அவள் முகம் பழையபடி சுருங்கிவிட்டது.

"அப்பாவுக்கும் நடுநடுவுல ஒரு நாள் இப்படித் தெரியும். அன்னைக்கெல்லாம் சந்தோஷமா வீட்டைச் சுத்திச் சுத்தி வருவார். அப்புறம் பார்வை ரொம்ப நாள் தங்கல."

தாளைக் கவனமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். அவர் பின்னால் நடந்தார். திருடன்கூட இவ்வளவு தலைகுனிந்து போலீஸ் பின்னால் போயிருக்கமாட்டான்.

கண் டாக்டர் வயதான பெண்மணி, வேகமாகப் பேசுகிறவர். புள்ளிகளுக்கு நடுவே எண்கள் ஒளிந்திருக்கிற புத்தகம் ஒன்றைக் காட்டினார். அவள் ஒரு பக்கம் விடாமல் எல்லா எண்களையும் சொன்னாள். கண்ணில் மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, விளக்கை அடித்து உள்ளே பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். ஆனால் அப்பாவின் கதையைக் கேட்டபிறகு அவருக்கு விட மனசில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னும் சில பரிசோதனைகள் செய்துகொள்ளட்டும், சிலது கொஞ்சம் வலிக்கும், இது இப்படி வந்து வந்து போகிற விதம்தான் எனக்குப் பிடிபடவில்லை என்றார். அவள் தலையாட்டினாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"நிறம் பார்க்கிறதுதான் உங்க வேலைன்னு சொன்னாங்க. அந்தத் தாளெல்லாம் நீங்க பார்த்தப்போ எப்படி இருந்துச்சு?"

அறையில் மேஜை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் மருந்து விட்ட பெரிய கருவிழிகளோடு அவர் இருக்கிற பக்கம் பார்த்தாள். அவருக்காகக் காத்திருந்தாள், வாய் திறக்காத குழந்தைகளுக்காகக் காத்திருக்கிற மாதிரி.

"வெளுத்துத்தான் இருந்துச்சு" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். டிராஃப்ட், அந்தக் கோடு, மாதாமாதம் இழுத்தது, நேற்று சாயங்காலம் திருப்பிப் போட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காது மடல் சுட்டது. டாக்டர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், எதற்காக என்று. இங்க் மிச்சமாகும் என்றார். அந்த அறையில் அந்த வார்த்தை எவ்வளவு சின்னதாகக் கேட்டது என்பது அவருக்கே தெரிந்தது. செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவளிடம்தான் பேசினார். கண்ணுக்கு ஒன்றுமில்லை, வருஷத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும், மருந்தின் வேகம் குறையச் சில மணி நேரம் ஆகும், அதுவரை வெளிச்சம் கூசும், கையைப் பிடித்துக் கூட்டிப் போகச் சொல்லுங்கள் என்றார்.

அவர் கையை நீட்டினார். அவள் எழுந்து, சுவரில் கை வைத்து, கதவு வரை தானே போனாள். படிக்கட்டில் கைப்பிடியைத் தடவி ஒவ்வொரு படியாக, தடுமாறாமல் இறங்கினாள். அவ்வளவு நாள் சமையலறையில் பழகியது வீண் போகவில்லை. பாதிப் படியில் நின்றாள்.

"கிச்சன்ல நான் கண்ணை மூடிட்டு நடந்தேனே. பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"என்னன்னு நினைச்சீங்க?"

களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன் என்றார். அவள் ம் என்று சொல்லி மீதிப் படிகளை இறங்கினாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் எவ்வளவோ தேவலை என்றிருந்தது.

வெளியே வெயில் கொளுத்தியது. அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. நெற்றியில் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, இமைகளை இறுக்கி மூடிக்கொண்டு சாலை முனையில் நின்றாள். பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம். சிக்னலில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் அவளை உரசாமல், ஆனால் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நின்றார். முயல்குட்டியின் அம்மாவிடம் தானே போய்ப் பேசுவதாகச் சொன்னார். வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன் என்றாள்.

வண்டிகள் நின்றன. எதிரில் நடப்பவர்களுக்கான பச்சை விழுந்தது.

"பச்சை வந்துடுச்சு. வா, போலாம்" என்றார்.

அவள் நகரவில்லை. மறுபக்கம் தலையைத் திருப்பினாள். அங்கே கையில் காய்கறிப் பையோடு யாரோ ஒரு பெண் நின்றிருந்தாள். பை உரசுகிற சத்தத்தை வைத்து அவளுக்கு ஆள் இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

"பச்சையாங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

ஆமாங்க, பச்சைதான் என்றாள் அந்தப் பெண். அதற்குப் பிறகுதான் அவள் சாலையில் கால் வைத்தாள்.